சிவப்புக் கைப்பிடியை இழுத்த நாள்

எங்கள் கடை மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையை ஒட்டி இருக்கிறது. வாழையிலைச் சாப்பாடு, காலையில் ரொட்டி சானாய், தீபாவளி நேரத்தில் பலகாரம். தோட்டத்து லயத்தில் விறகடுப்பில் சமைத்த பாட்டியிடம் கற்றதை வைத்துத்தான் இந்தக் கடையை நடத்துகிறேன். கணவர் டிரெய்லர் ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் ஜொகூர் பக்கம் இருப்பார். குசினியில் நான், பெரியம்மா, புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி, மூன்று பேர்தான். 2023 தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு அங்கே நடந்ததை எழுதுகிறேன். அதற்கு முன்னால் யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து, அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூடைக் காட்டி, "இந்தப் பெட்டி இப்படித்தான் வேலை செய்யும்" என்று பத்து நிமிடம் சொல்லியிருந்தால் எனக்கு எட்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் மிஞ்சியிருக்கும். பெரியம்மா கையில் தழும்பும் இருந்திருக்காது.

அந்த வருடம் ஜூனில் கடையைப் பெரிதாக்கினோம். பழைய எக்சோஸ்ட் ஃபேன் புகையை இழுக்கவில்லை, பக்கத்துக் கடைக்காரர்களும் குறை சொன்னார்கள். அந்த நேரத்தில் ஈப்போவில் மூடிய ஒரு ஹோட்டலின் குசினிச் சாமான்கள் விலைக்கு வந்தன. அதில் பெரிய ஸ்டெயின்லெஸ் ஹூட் ஒன்று. உள்பக்கம் தண்ணீர் பீய்ச்சித் தானே கழுவிக்கொள்ளும், தீப்பிடித்தால் மருந்து அடித்து அணைக்கும், இரண்டும் ஒரே பெட்டியில் என்றார் விற்றவர். பொருத்தும் கூலியோடு 6,500 வெள்ளி. புதிது வாங்கினால் பல மடங்கு ஆகும் என்பதால் அன்று நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. பொருத்தியவர் பச்சைப் பட்டனை அழுத்தி ஃபேன் ஓடுவதைக் காட்டினார், காசு வாங்கினார், போய்விட்டார். கையேடு இல்லை, சர்வீஸ் ரசீது இல்லை. நானும் கேட்கவில்லை. சுவரில் இருந்த சிவப்புக் கைப்பிடியை, ஃபேன் கோளாறானால் நிறுத்துவதற்கான அவசர சுவிட்ச் என்றுதான் நினைத்துக்கொண்டேன். தம்பியிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்லாத் தவறும் இதிலிருந்துதான் தொடங்கியது. கழுவுவதும் தீயணைப்பதும் ஒரே ஹூடில் இருந்தாலும் அவை இரண்டும் வேறு வேறு வேலை. கழுவும் தண்ணீர் ஹூடின் உள்ளறைக்குள் பீய்ச்சுகிறது. அந்தத் தண்ணீர் ஹூடின் விளிம்புக் கால்வாய் வழியாக ஓரத்துக்கு வந்து வடிகுழாயில் இறங்கி வெளியே போக வேண்டும். தீயணைக்கும் மருந்து தனி டாங்கியில் இருக்கிறது. அது தனிக் குழாயில் வந்து அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் சிறு முனைகள் வழியாகக் கீழ்நோக்கி அடிக்கும். ஃபேனை ஓட்டும் பச்சைப் பட்டன், அதை நிறுத்திக் கழுவும் ஸ்டாப் பட்டன், சிவப்புக் கைப்பிடி ஆகிய மூன்றும் மூன்று தனித்தனி விஷயங்களைச் செய்கின்றன. இது தெரியாமல் ஐந்து மாதம் அதன் அடியில் நின்று சமைத்தோம்.

எங்கள் பெட்டியில் ஃபேனை நிறுத்தும் பட்டனை அழுத்தினால் ஃபேன் நின்ற கையோடு கழுவுவதும் தானாகத் தொடங்கிவிடும். ஒவ்வொரு நாளும் சமையல் முடிந்ததும் கழுவிக்கொள்ளட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் நான் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. இரவு கடை மூடும்போது பின்கதவுப் பக்கமிருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவேன், ஃபேன் நின்றுவிடும். அதனால் ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட ஹூட் கழுவப்படவில்லை. சாம்பார் ஆவியும் வறுவல் எண்ணெயும் உள்ளே படிந்து படிந்து மெழுகு மாதிரி இறுகியிருந்தன. வெளிப்பக்கத்தைத் தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தேன்.

தீபாவளி ஆர்டர் அந்த வருடம் அதிகம். மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர், பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் குடும்பங்கள் என்று இருபத்து மூன்று பேர் முன்பணம் கொடுத்திருந்தார்கள். இருக்கிற நான்கு அடுப்பு போதாது என்று முறுக்குக்காகத் தனி அடுப்பு ஒன்றை ஹூடின் வலது ஓரத்தில் போட்டேன். அதற்குத் தனி கேஸ் சிலிண்டர். பின்கதவுக்கு வெளியே வைத்து, சுவர் ஓட்டை வழியாக டியூப் இழுத்திருந்தேன். வலது ஓரத்தில்தான் ஹூடின் வடிகுழாயும் இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

நவம்பர் 9, வியாழக்கிழமை. முந்தின நாள் சாப்பிட வந்த ஒரு வாடிக்கையாளர், சிங்கப்பூரில் ஹோட்டல் குசினியில் வேலை பார்த்தவர், ஹூடை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது தண்ணி வாஷ் ஹூடுதானே, ஸ்டாப் பட்டனை அழுத்தினாத்தான் கழுவும்" என்று சொல்லியிருந்தார். மறுநாள் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து மூன்று மணி இருக்கும். நான்கு அடுப்பையும் அணைத்தாயிற்று. சரி, இப்போதே கழுவிப் பார்க்கலாம் என்று பட்டனை அழுத்தினேன். வலது ஓரத்தில் பெரியம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். கடாயில் பத்து கிலோவுக்கு மேல் சூடான எண்ணெய். ஹூட் கழுவும்போது அடியில் எண்ணெய் கொதிக்கக் கூடாது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. இன்றைக்கும் என் மனத்தில் குத்திக்கொண்டிருப்பது அதுதான்.

ஃபேன் நின்றது. ஹூடுக்குள் மழை பெய்வது போல ஒரு சத்தம். இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் வலது ஓர விளிம்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. நான் "பெரியம்மா, தள்ளி வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் கோடு மாதிரி ஊற்ற ஆரம்பித்து நேராகக் கடாய்க்குள் விழுந்தது. சூடான எண்ணெயில் விழும் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி, எண்ணெயைத் தூக்கி வெளியே எறியும். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்தது, நெருப்பு தலை உயரத்துக்கு எழுந்தது. பெரியம்மா பின்னால் பாய்ந்தும் முழங்கைக்குக் கீழே எண்ணெய் பட்டுவிட்டது. தம்பி பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஊத்தாதே!" என்று கத்தினேன். அவன் வாளியைப் போட்டுவிட்டு, தண்ணீரையும் ஃபேனையும் நிறுத்துகிற நினைப்பில் சிவப்புக் கைப்பிடியை இழுத்தான்.

ஹூடின் அடியிலிருந்த முனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மருந்தை அடித்தன. சாம்பார்க் குண்டான், மிச்சச் சோறு, இரவுக்கு ஊறிக்கொண்டிருந்த கோழி என்று எல்லாவற்றின் மேலும். சுவரில் "டக்" என்று சத்தம் வந்தது, மெயின் கேஸ் தானாக மூடிக்கொண்டது. ஆனால் எரிந்துகொண்டிருந்த முறுக்கு அடுப்பின் மேல் ஒரு சொட்டு மருந்துகூட விழவில்லை. அதற்குத் தனி சிலிண்டர் என்பதால் அதன் கேஸும் நிற்கவில்லை. அணைந்து கிடந்த நான்கு அடுப்பு நனைந்தது, பற்றிய அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. பின்கதவுக்கு ஓடும்போது மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டேன், ஹூடின் தண்ணீர் நின்றது. வெளியே போய் சிலிண்டரை மூடினேன். திரும்பி வரும்போது பெரியம்மா எரிந்த கையோடு நின்று, சோற்றுக் குண்டான் மூடியை அகப்பைக் காம்பால் தள்ளித் தள்ளிக் கடாய் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் அணைந்தது. மொத்தமும் மூன்று நிமிடம் இருக்காது.

பெரியம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அரசாங்கக் கிளினிக், ஒரு வெள்ளி, கட்டுப்போட்டு அனுப்பினார்கள். போகும் முன் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டச் சொன்னேன், பள்ளியில் படித்தது எப்படியோ ஞாபகம் வந்தது. ஆனால் 999-ஐ அழைக்கவில்லை. தீதான் அணைந்துவிட்டதே, பொம்பா (தீயணைப்பு) வண்டி வந்து நின்றால் தீபாவளி நேரத்தில் ஊரே பேசுமே என்று வெட்கப்பட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் நெருப்பு அணைந்தாலும், மேலே புகைக்குழாய்க்குள் படிந்திருக்கும் கொழுப்பில் கனல் இருக்கலாம், மணிக்கணக்கு கழித்துக் கூரையில் பற்றலாம். அதைப் பார்க்கும் வசதி அவர்களிடம்தான் இருக்கிறது. உங்கள் குசினியில் நெருப்பு ஹூட் உயரத்துக்கு எழுந்தால், அணைந்துவிட்டாலும் அழையுங்கள்.

அன்று இரவு தனியாக உட்கார்ந்து துடைத்தேன். அந்த மருந்து காரத்தன்மை உள்ளது. விட்டுவைத்தால் அலுமினியப் பாத்திரத்தையும் அடுப்பையும் அரிக்கும். கையுறை போட்டு, வெந்நீரும் சோப்பும் வைத்து அன்றைக்கே துடைத்துவிட வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். மருந்து பட்ட சாப்பாடு எதையும் யோசிக்காமல் கொட்ட வேண்டும். நான் இரண்டு அலுமினியக் குண்டான்களை மறுநாளுக்கு என்று விட்டுவைத்தேன், இரண்டிலும் கறை படிந்துவிட்டது. மறுநாள் காலை இருபத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராக அழைத்து முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னேன். ஒருவரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

ஹூடைப் பொருத்தியவர் போனை எடுக்கவே இல்லை. தீயணைப்புச் சாதனம் பார்க்கும் ஒரு கம்பெனி, பழைய சாமான், பேப்பர் இல்லை, தொட மாட்டோம் என்றது. மூன்றாவதாகக் கிடைத்தவர் ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீன அங்கிள். முப்பது வருடமாக இதே வேலை. மலாயில் பேசிக்கொண்டே டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்த இரண்டு மணி நேரத்தில் அவரிடம் கற்றதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் வடிகுழாய். ஐந்து மாதம் இறுகிய கொழுப்பு முதல் தண்ணீரிலேயே கட்டிகட்டியாகப் பெயர்ந்து வந்து குழாய் வாயை அடைத்திருந்தது. அதுவும் நான் விட்டது பச்சைத் தண்ணீர். இந்த ஹூடுக்கு வெந்நீர்க் குழாய்தான் கொடுக்க வேண்டும், அறுபது டிகிரியாவது இருந்தால்தான் கொழுப்பு இளகும். பொருத்தியவர் சாதாரணக் குழாயில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கழுவும் மருந்து ஊற்றும் டப்பாவில் நான் பாத்திர சோப்பு ஊற்றி வைத்திருந்தேன். அது நுரை தள்ளும், இப்படி இறுகிய கொழுப்பைக் கரைக்காது. நுரையும் சேர்ந்துதான் கால்வாய் நிரம்பி வழிந்தது என்றார். வடிந்து வெளியே போகும் தண்ணீரும் நேராக லொங்காங்குக்கு (சாக்கடைக்கு) போகக் கூடாது, கொழுப்பைப் பிரித்துப் பிடித்து வைக்கும் கொழுப்புப் பொறி வழியாகப் போக வேண்டும்.

அடுத்து அவர் ஏணி போட்டுப் புகைக்குழாயின் ஓர மூடியைத் திறந்து என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். ஹூட் எவ்வளவு நன்றாகத் தன்னைக் கழுவிக்கொண்டாலும் அந்தத் தண்ணீர் உள்ளறையோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரை போகும் குழாயையும் மேலே இருக்கும் ஃபேனையும் ஆள் வைத்துத்தான் சுரண்ட வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் கடைச் சமையலறைகளுக்கு எழுதிய என்எஃப்பிஏ 96 என்ற விதிமுறையை உலகத்தில் பல இடங்களில் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி சாதாரண அளவில் சமைக்கும் கடைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், சீன வாணலி (வாக்) சமையல், கேஸ் கிரில்லில் வாட்டுவது போல அதிகம் புகை எழும் கடைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், விறகு அல்லது கரி அடுப்பு என்றால் மாதம் ஒரு முறையும் பார்க்க வேண்டும். எங்கள் குழாயின் உள்சுவரில் விரலை வைத்தேன், நகக்கண் மறையும் அளவுக்குப் புதைந்தது. அன்று நெருப்பு இன்னும் ஒரு முழம் எழுந்திருந்தால் அங்கே பற்றியிருக்கும். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் தீயணைக்கும் பாகம். ஹூடுக்குள் ஒரு மெல்லிய கம்பி ஓடுகிறது, நடுநடுவே சின்ன உலோக இணைப்புகள். குறிப்பிட்ட சூட்டில் அவை உருகி விட்டுப்போகும், கம்பி தளரும், டாங்கி தானாகத் திறக்கும். யாரும் கைப்பிடியை இழுக்காவிட்டாலும் அது வேலை செய்ய வேண்டும். எங்கள் ஹூடில் அந்த இணைப்புகள் மேல் கொழுப்பு போர்வை மாதிரி மூடியிருந்தது. இப்படி இருந்தால் சூடு நேரத்துக்கு உறைக்காது என்றார். அந்த மருந்து எரியும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலமாகி மூடிக்கொள்கிறது, கூடவே எண்ணெயைக் குளிர்விக்கிறது. நம் கடைகளில் மாட்டியிருக்கும் சாதாரணத் தூள் சிலிண்டர் நெருப்பை அமுக்கும், ஆனால் எண்ணெயைக் குளிர்விக்காது. அதனால் கடாய் எண்ணெய் திரும்பப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் தீக்கென்றே ஈர மருந்து சிலிண்டர் தனியாக விற்கிறது. இப்போது ஒன்று வாங்கிக் கதவோரம் வைத்திருக்கிறேன்.

ஆனால் அங்கிள் அதிக நேரம் நின்றது வலது ஓரத்தில்தான். ஒவ்வொரு முனையும் கீழே இருக்கும் குறிப்பிட்ட அடுப்பைக் குறிவைத்து, இன்ன உயரத்தில், இன்ன கோணத்தில் என்று கணக்குப் பார்த்து வைக்கப்படுகிறது. அந்த ஹோட்டலில் எங்கே எந்த அடுப்பு இருந்ததோ அதற்கான முனைகளைத்தான் அப்படியே கொண்டுவந்து என் குசினியில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் வேறு ஓர் அடுப்பைச் சேர்த்தேன். "அடுப்பை ஒரு அடி நகர்த்தினால் என்னைக் கூப்பிடு" என்றார். அதற்காகத் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒவ்வொரு அடுப்பின் காலுக்கும் அடையாளம் போட்டுவிட்டோம். இப்போது எல்லா அடுப்பின் கேஸும் தானாக மூடும் அந்த ஒரே வால்வு வழியாகத்தான் வருகிறது. கைப்பிடி இழுபட்ட பிறகு அந்த வால்வை நாமே திறந்து அடுப்பைப் பற்றவைக்கவும் கூடாது. மருந்து நிரப்பி, அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான்.

செலவைச் சொல்கிறேன். கொட்டிய சாப்பாடு, சாமான் 700. திருப்பிக் கொடுத்த முன்பணம் 1,850. மருந்து நிரப்ப, முனை மாற்ற, இணைப்பு மாற்ற 3,600. புகைக்குழாய் சுரண்ட 1,300. வெந்நீர் ஹீட்டரும் வடிகுழாய் வேலையும் 1,250. ஆக 8,700 வெள்ளி. கடை ஆறு நாள் மூடியிருந்ததை இதில் சேர்க்கவில்லை. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சர்வீஸ் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பழைய ஹூட் வாங்குவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், எங்களைப் போன்ற கடைகளுக்குப் புதிது கட்டுப்படியாகாது. ஆனால் வாங்கும்போதே மருந்து டாங்கியில் அடித்திருக்கும் தயாரிப்பு வருடத்தைப் பாருங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை டாங்கிக்கு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கையேடு கேளுங்கள், இல்லையென்றால் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அவருக்குக் கொடுக்கும் இருநூறு முந்நூறு வெள்ளி பெரிய காசில்லை.

இப்போது எங்கள் பழக்கம் இது. இரவு கடைசி அடுப்பை அணைத்து, கடாய் எண்ணெயை மூடித் தள்ளி வைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, அதன் பிறகு ஸ்டாப் பட்டன். கழுவி முடியும் வரை ஒருவர் வடிகுழாய் பக்கம் நின்று தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் எங்கள் பெட்டியில் பச்சைப் பட்டனை அழுத்தினால் போதும், கழுவுவது நின்று ஃபேன் ஓடும். இது அன்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் கழுவும் மருந்து அளவு பார்க்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கிள் வருகிறார். தீ நேரத்தில் ஃபேன் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பது ஒவ்வொரு அமைப்புக்கும் மாறும். உங்கள் பெட்டிக்கு எது என்று கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சிவப்புக் கைப்பிடிக்குத் தம்பி தன் கையெழுத்திலேயே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறான்: "இது தீக்கு மட்டும். பின்னை உருவு. இழு. பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போ."

போன மாதம் கோலகங்சார் பக்கம் கடை திறக்கும் ஒரு தங்கச்சி, இதே மாதிரி பழைய ஹூட் வாங்கியிருப்பதாகப் போன் செய்தார். நேரில் போனேன். எல்லாம் புதுசு போலத் துடைத்து வைத்திருந்தார். கைப்பிடி எங்கே என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. தேடினோம். ஸ்டோர் சுவரில், அடுக்கி வைத்திருந்த அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. வேறு எதையும் பேசுவதற்கு முன்னால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மூட்டைகளை நகர்த்தினோம்.